பிலிம் எடுக்கணும்

எக்ஸ்ரே அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில், தான் இருக்கவேண்டிய இடம் இது இல்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, லீதியாள் உட்கார்ந்திருந்தாள். வலது காலை மடக்க முடியாது, நீட்டி வைத்திருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது காலை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை, பிறகு ஒரு "ச்சு". பாளையங்கோட்டை முழுவதற்கும் பொதுவான "ச்சு". பல்லிகூட இதைவிட யோசித்துத்தான் சொல்லும். இடது பக்கம் கணவர் கோயில்பிள்ளை, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், டோக்கனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கதவுக்கு மேலே எரிகிற சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், அது அணைந்தால் ஏதோ பரிசு கிடைக்கும் என்பதுபோல. வலது பக்கம் அவருடைய தங்கை சலோமி. மடியில் கூடை, கூடைக்குள் வெந்நீர் பிளாஸ்க், ஆரஞ்சு, யாரோ ஒரு பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் புட்டி. இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரே நிம்மதி. பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று பயந்து வந்தவர்கள், ஒன்றும் இல்லை, ஒரு படம் எடுத்தால் போதும் என்று கேட்டுவிட்ட நிம்மதி. எத்தனை மலிவாகக் கிடைத்துவிடுகிறது இவர்களுக்கு. காதில் விழுந்ததில் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தை உதறிவிட்டு, ஆரஞ்சு உரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஒரு வார்த்தைதான் காரணம். காலையில் எலும்பு டாக்டர் இசக்கிராஜ், முழங்கால் தழும்பின் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்த சின்னத் துளையை டார்ச் அடித்துப் பார்த்தார். அவருக்கு, கல்லூரியில் அவளிடம் படித்த பெண்களின் பிள்ளைகளுக்கு இருக்கிற வயது. கையில் அடித்துக்கொண்டே இருந்த செல்போன். நிமிர்ந்து பார்த்தபோதும் பாதிக் கண் அதில்தான். "நான் அன்னைக்கே சொன்ன அதே பயோபிலிம்தான் மேடம். எடுத்தாத்தான் தீரும். மத்தியானத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வச்சுக்கலாம். தள்ளிப்போடாதீங்க, ரத்தத்துல இறங்கிட்டா பிறகு நான் பொறுப்பில்ல," என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். கோயில்பிள்ளை வெளியே வந்ததும் வராததுமாக, "பிலிம்தான? எடுத்துட்டாப் போச்சு. நாளைக்கு வரைக்கும் என்னத்துக்கு, இன்னைக்கே எடுத்துருவோம்," என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேரே எக்ஸ்ரேக்கு வந்துவிட்டார். நல்லவேளை, டாக்டர் தியேட்டர் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவர் டிக்கெட்டுக்குப் போய் நின்றிருப்பார். கவுன்டரில் இருந்த பெண்ணிடம் அவர் "பயோ பிலிம்" என்றார். அந்தப் பெண் தலை தூக்காமல் "முட்டிதானே?" என்றாள். "முட்டிதான்." முடிந்தது. இரண்டு மடையர்கள் சேர்ந்தால் ஒரு காரியம் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எல்லாம் இந்த "எடு" செய்கிற வேலை. தமிழில் இதைவிடச் சோம்பேறியான வினைச்சொல் கிடையாது. படம் எடு, பல் எடு, பெயர் எடு, வாந்தி எடு, ஓய்வு எடு, பிச்சை எடு. எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்கும். டாக்டர் எடுக்கவேண்டும் என்றது, மூட்டு மாற்றியபோது அவள் முழங்காலுக்குள் வைத்த இரும்பை. அதைத் திருத்திச் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். அரை வாக்கியம்கூடப் போதும். சக்கர நாற்காலி தாழ்வாரத்தில் உருண்டபோது அந்த அரை வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. போகட்டும், எவ்வளவு தூரம்தான் போகிறார் பார்க்கலாம் என்று இருந்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

முந்தின தடவை டாக்டர் விளக்கமாகச் சொன்னபோது கோயில்பிள்ளை மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். அவள் தனியாகக் கேட்டாள். தனியாகக் கேட்டதுதான் சரி என்று இப்போதும் நினைத்தாள். டாக்டர் தாளில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து, "குளத்துப் படியில பாசி பிடிக்குமில்லையா மேடம், அதுமாதிரி," என்றார். பாசி! முப்பது வருஷத்துக்கு மேல் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவளிடம், அதிலும் பாசி இனங்களையே தனிப் பாடமாக எடுத்தவளிடம், ஒரு பையன் பாசி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கிறான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். நோயாளி ஆகிவிட்டால் எல்லோரும் ஒன்றாம் வகுப்புத்தான். ஆனால் உள்ளுக்குள் அவள் அந்த வட்டத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தாள். ஒரு கிருமி வரும். தனியாக வரும், ரத்தத்தில் மிதந்து, ஊர் தெரியாத ஆள் மாதிரி. எலும்பு உயிருள்ளது, விரட்டும், சதை விரட்டும், இரும்புக்கு உயிர் இல்லை, அது யாரையும் விரட்டாது. அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டபிறகு குணம் மாறிவிடும். சுற்றிலும் பசை மாதிரி எதையோ கக்கி, அதற்குள் ஒடுங்கிக்கொள்ளும், பெருகும், பெருகினது எல்லாம் சேர்ந்து கக்கும். கண்ணுக்குத் தெரியாத கொழகொழப்பில் ஒரு குடியிருப்பு. நீர் போக வழி, இரை வர வழி, ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ள ஏதோ ரசாயன ஜாடை. நடுவில் இருப்பவை பாதித் தூக்கத்தில் கிடக்கும். மருந்து, விழித்துக்கொண்டு வளர்கிறதைத்தான் கொல்லும்; தூங்குகிறதை அதற்கு அடையாளம் தெரியாது. மாத்திரை சாப்பிடும்வரை காய்ச்சல் இருக்காது. நிறுத்தினால், மேலேயிருந்து ஒரு பிடி உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும். சாயங்காலம் குளிர் தூக்கிப் போடும். கசிந்த நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால், சில தடவை அதிலும் ஒன்றும் வளராது. எல்லாம் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும். அவளுக்கு அந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதைகூட வந்தது. இந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிற யாரையும்விட அவை ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகின்றன.

அது என்ன கிருமி என்று அவள் கேட்டாள். ஏதாவது பெயர்போனதாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு நோய் என்று வந்தால் கொஞ்சம் மதிப்பான நோயாக வரக்கூடாதா? டாக்டர் சிரித்தார். "எல்லார் தோல்லயும் இருக்கிறதுதான் மேடம். உங்க தோல்ல, என் தோல்ல. வெளியில இருந்தா சாது." தோலில் இருக்கிற சாது. பேருந்தில் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருகிற ஆள் மாதிரி ஒன்று. கோயில் வாசலில் கை குலுக்கி ஸ்தோத்திரம் சொல்கிற எல்லாக் கைகளிலும் இருக்கிற ஒன்று. அது போதுமாம் அவளை விழத்தட்ட. அவமானமாக இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டு அடுக்களையில் தண்ணீர்க் குடத்துக்குள் கை விட்டது ஞாபகம் வந்தது. டம்ளர் உள்ளே விழுந்துவிட்டது என்று கையை விட்டாள், உள்பக்கம் முழுவதும் வழுவழுவென்று, மீன் வயிற்றைத் தடவினதுபோல. வெளியே குடம் தங்கம் மாதிரி மின்னியது. புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஊர் மெச்சத் தேய்த்து. உள்ளே யாரும் கை விட்டதில்லை. அவள் கையை வெளியே எடுத்து, முந்தானையில் துடைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டாள். அந்த வீட்டில் இருந்த வருஷமெல்லாம் தனக்கென்று தனியாக வெந்நீர் போட்டு ஆறவைத்துக் குடித்தாள். கேட்டவர்களிடம் தொண்டை என்றாள். "எங்க வீட்டு மருமகளுக்குத் தொண்டை," என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள், ஏதோ நகை போட்டுவந்த மாதிரி. கோயில்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது. அவர் அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, இப்போதும் ஒரு மாத்திரை இல்லாமல், இரண்டு முழங்காலும் முழங்காலாகவே, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கொதிக்கவைத்துக் குடித்தவளுக்குத்தான் உள்ளே வழுவழுப்பு. இதில் நியாயம் தேடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யலாம்.

"மைனி, ஒரு சுளை வாயில போடுங்க," என்றாள் சலோமி. ஆரஞ்சுத் தோலைத் தன் மடியிலேயே குவித்திருந்தாள். நாரை உரித்து உரித்து ஒவ்வொரு சுளையையும் நிர்வாணமாக்கி நீட்டினாள். லீதியாள் வேண்டாம் என்றாள். "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலிய மைனி. ஒரு பிலிம் எடுக்கதுக்கு என்னத்துக்கு இவ்வளவு யோசனை? எங்க சித்திக்கு நெஞ்சுல எடுத்தாவ, வயித்துல எடுத்தாவ, தலையில எடுத்தாவ, அவ எந்திரிச்சு வந்து இட்லி தின்னா." "சித்தி பிறகு செத்துப்போனாவல்லா," என்றார் கோயில்பிள்ளை விளக்கை விட்டுக் கண் எடுக்காமல். "அது வயசாகிச் செத்தா. பிலிம் எடுத்தா செத்தா?" என்றாள் சலோமி. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் சிரித்தார். காலடியில் சாக்கு மூட்டை, கையில் கட்டு. சலோமி உடனே அவரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டாள். எந்த ஊர், எப்படி விழுந்தார், மகன் ஏன் கூட வரவில்லை, மருமகள் எப்படி. கால் மணி நேரத்தில் ஒரு மனிதனைத் தோலுரித்து நாரெடுத்து வைத்துவிடுவாள். பிறகு கூடையிலிருந்து எண்ணெய்ப் புட்டி வெளியே வந்தது. "ஒரு சொட்டு மைனி. கட்டு மேலதான். உங்களுக்கு நம்பிக்கை இல்லாட்டாப் பரவாயில்ல, எனக்கு இருக்குல்லா." நம்பிக்கை இல்லை என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது. ஒருநாள் சலோமி வீட்டுக்கு ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்து கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கர்த்தரிடம் சத்தம்போட்டதும், அதில் ஒரு தடித்த ஆள் உரத்து ஜெபித்தபோது அவர் பல் இடுக்கிலெல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்ததும் கண்ணில் வந்தது. அதுவும் இதுதான். பல்லின் மேல் நாக்கு தடவினால் காலையில் ஒரு மெல்லிய உறை தட்டுப்படுகிறதே, அதுவும் இந்த ஜாதிதான். அந்த வாயால், அந்த உறையோடு, என் முழங்காலுக்குள் இருக்கிறதைப் போகச்சொல்லிக் கட்டளையிட்டார். சொந்தக்காரன் பேச்சைக் கேட்டாவது போயிருக்கலாம். போகவில்லை. லீதியாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இடைவெளியில் சலோமி இரண்டு சொட்டு விட்டுவிட்டாள்.

கோயில்பிள்ளையின் போன் அடித்தது. பெங்களூரிலிருந்து மகன். அவர் எப்போதும்போல, பெங்களூருக்கு நேரடியாகக் கேட்கவேண்டும் என்கிற குரலில் பேசினார். "ஆமா, பாத்துட்டாரு. ஒண்ணும் இல்லடே. ஒரு பிலிம் எடுக்கணும்னாரு. சாதா பிலிம் இல்ல, பயோ பிலிம், புதுசா வந்திருக்காம். உள்ள இருக்கதெல்லாம் அப்பிடியே துல்லியமாத் தெரியுமாம். ஆமா. அம்மாவா? இந்தா இருக்கா. நல்லா இருக்கா. நீ லீவெல்லாம் போடாண்டாம்." உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே துல்லியமாகத் தெரியுமாம்! யார் சொன்னது இவருக்கு? ஒருவரும் சொல்லவில்லை. வார்த்தையைக் கேட்டார், அதற்குத் தகுந்த மாதிரி ஒரு கருவியைத் தானே கண்டுபிடித்துவிட்டார். வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார். வங்கியில் என்ன செய்தாரோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. யாரிடம்? கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு காலத்தில் மூன்று நான்கு பேர் உண்டு, ஒரு புருவம் தூக்கினால் புரிந்துகொள்கிறவர்கள். ஒருத்தி இல்லை. ஒருத்தி மகளோடு கனடாவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். அது செத்ததைவிட மோசம். மிஞ்சியது இவள் ஒருத்தி. சிரிக்கிறவளும் இவள், கேட்கிறவளும் இவள். அப்படி ஒரு சிரிப்பு கொஞ்ச நேரத்தில் புளித்துப்போகிறது. மகன் லீவு போடவேண்டாம் என்று இவர் சொன்னாரே, அதில் மட்டும் ஏதோ நெருடியது. போடச்சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்கே போடச்சொல்ல வேண்டியிருக்கும். தாழ்வாரக் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று இருந்தவள் பார்த்துவிட்டாள். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இரும்பை எடுத்தபிறகு, டாக்டர் சொன்னார், அந்த இடத்தை மருந்து கலந்த சிமெண்டால் அடைப்போம். சிமெண்ட் என்றே சொன்னார். வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை மேடம் என்று சேர்த்துக்கொண்டார், அவள் அப்படி நினைத்துவிடுவாள் என்பதுபோல. சில மாதம் அப்படியே. அந்தக் காலில் பாரம் போடக்கூடாது. ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று தெரிந்தால் புது மூட்டு. தெரியாவிட்டால்? அவர் தோளைக் குலுக்கவில்லை, ஆனால் அவர் குரல் குலுக்கியது. சாவு பற்றி அவளுக்குப் பெரிய பயம் இல்லை, அல்லது இல்லை என்று வைத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சில மாதம்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு. ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் இவள். இவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவார், தூக்கும்போது "ஏலேலோ" என்று ஏதாவது வேடிக்கை சொல்வார். சலோமி சேலையை ஒதுக்கிப் பிடிப்பாள், பேசிக்கொண்டே பிடிப்பாள், யாருக்கு எப்படி நடந்தது என்ற கதையோடு. கழுவிவிடுவாள். அந்த நார் உரிக்கிற விரல். அம்மா கடைசி வருஷம் படுக்கையில் கிடந்தபோது, கூலிக்கு வந்த ஒருத்தி துடைத்துவிட்டுத் திருப்பிப் போடுவாள். ஒவ்வொரு தடவையும் அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நாய்க்குட்டிச் சிரிப்பு. ஊரையே விரல் நுனியில் ஆட்டிவைத்த தலைமையாசிரியை அம்மா, தண்ணீர் டம்ளரை எட்டிக் கொடுத்தவளுக்கெல்லாம் "நல்லா இருப்பம்மா" என்றாள். லீதியாள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்து வெறுத்தாள். கூலிக்காரியை இல்லை, அந்தச் சிரிப்பை. அம்மா என்ற ஒருத்தியை அந்தச் சிரிப்பு உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது என்று தோன்றியது. அதுதான் பயம். இரும்பை எடுப்பதோ, சிமெண்ட்டோ இல்லை. இந்த இரண்டு பேரையும் பார்த்து, நாளைக்கு, தன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிடும். வரவழைக்கத் தேவையில்லை, அதுவாக வரும். வந்தபிறகு, இத்தனை வருஷம் இவர்களைப் பற்றி உள்ளே கட்டிவைத்த ஒவ்வொரு வாக்கியமும் என்ன ஆகும்? வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மாத்திரையை மறுபடி தொடங்கி, தின்றுகொண்டே இருக்கலாம். சொல்லக்கூட வேண்டாம், இங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும், இந்த மடத்தனமான வரிசையில், மத்தியானம் தானாகக் கடந்துபோகும். யாரும் அவளைக் கோழை என்று சொல்லமுடியாது. தப்பாகக் கேட்டது அவர்தானே.

அடடா. அப்படியா சங்கதி. வரிசையில் உட்கார்ந்திருந்தது இவரைப் பார்த்துச் சிரிக்க என்றல்லவா நினைத்தாள். உடம்பில் மெல்லக் குளிர் ஏறியது. சாயங்காலம் வரவேண்டியது இன்று முன்னாலேயே வருகிறது. முதலில் தோள்பட்டை, பிறகு தாடை. பல் தட்டாமல் இறுக்கிக்கொண்டாள். அவையும் இப்படித்தானே, உயிரில்லாத ஒன்றின் மேல் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் எதையோ கக்கி, உள்ளே யாரும் வரமுடியாமல், பாதித் தூக்கத்தில். நானும் ஒவ்வொருத்தர் மேலும் ஒரு வாக்கியமாகக் கக்கிக் கக்கி... சீ. உவமை! பென்ஷன் வாங்குகிற டீச்சருக்கு வேறு என்ன மிச்சம்? கல்லூரி ஆண்டு மலரில் இதை ஒருத்தி எழுதிக்கொண்டுவந்திருந்தால் சிவப்பு மசியால் அடித்திருப்பாள். கிருமிக்குத் திமிர் கிடையாது. அது பிழைப்பதற்குக் கக்குகிறது. அவள் எதற்குக் கக்கினாள்? அந்தக் கேள்வி வந்து, ஈ மாதிரி ஒரே இடத்தில் உட்கார்ந்தது. விரட்டினாள், மறுபடி அங்கேயே உட்கார்ந்தது. குளிரில் முழங்கால் ஒன்றுதான் கனன்றது. வேறு யாருடையதோ போலக் கனன்றது. சலோமி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் மேல் போர்த்தினாள். துண்டில் ஆரஞ்சு வாசனை. தட்டிவிடக் கை எழவில்லை. குளிர் அவ்வளவு.

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். "லீத்தியம்மா யாரு? முட்டி பிலிம்?"

"இந்தா, இந்தா," என்று கோயில்பிள்ளை துள்ளி எழுந்தார். "வா லீதி. பைய எந்திரி."

"அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லுங்க," என்றாள் லீதியாள்.

"ஏன்? வலிக்கா?"

"இது அந்த பிலிம் இல்ல."

"பின்ன எந்த பிலிம்?"

வகுப்பில் பேசுகிற குரலில்தான் தொடங்கினாள். "உள்ள வச்சிருக்க இரும்பு மேல கிருமியெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஜவ்வு மாதிரி படிஞ்சிருக்கு. அதுக்குப் பேர்தான் பயோபிலிம். ஜவ்வுக்குள்ள மருந்து போய் வேலை செய்யாது. அதனால மூட்டையே எடுக்கணும்." எதிரே இருந்த பெரியவர் தன் காலடியில் கிடந்த சாக்கு மூட்டையை மெல்ல இழுத்து வைத்துக்கொண்டார். "முழங்கால் மூட்டை," என்று அவள் அவருக்காகத் திருத்தினாள். திருத்தும்போதே வகுப்புக் குரல் எங்கேயோ நழுவிப்போய்விட்டது. "ஆபரேஷன். எடுத்துட்டு சிமெண்ட் வச்சு அடைப்பாங்க. கொஞ்ச மாசத்துக்கு இந்தக் காலை ஊன முடியாது. அதைத்தான் நாளைக்கு வச்சுக்கலாம்னு சொன்னாரு. மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும்."

கோயில்பிள்ளை டோக்கனைப் பார்த்தார். அதில் ஏதோ தப்பாக அச்சாகிவிட்டதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"இது உனக்கு எப்பந் தெரியும்?"

"போன தடவையே."

"நான் பிலிம் பிலிம்னு போன்ல பேசுனேனே. நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சிரிச்சியா?"

அவர் அதைச் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பெங்களூர்க் குரல் இல்லை. இந்தக் குரலை அவள் எங்கே கேட்டிருக்கிறாள் என்று யோசித்தாள். கேட்டதே இல்லை, அல்லது கேட்க நின்றதில்லை. பொய் சொல்லலாம். "ஆமா," என்றாள். "உள்ளுக்குள்ள."

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல, நீண்ட நாளாகத் தெரிந்ததுபோல ஆட்டினார்.

"எடுத்துட்டா பழையபடி நடப்பியா?"

"தெரியாது."

"எடுக்கலைன்னா?"

"அது தெரியும்."

"அதான் நாங்க ரெண்டு பேரு இருக்கோம்லா மைனி," என்றாள் சலோமி, ஆரஞ்சுத் தோலைக் கூடைக்குள் தள்ளிக்கொண்டே. "தூக்க மாட்டமா?"

"நீயா? உனக்கே இடுப்பு இல்ல," என்றாள் லீதியாள்.

"இடுப்பு இல்லாட்டா என்ன? வாய் இருக்குல்லா. தெருவுல நாலு பேரைக் கூப்பிட மாட்டனா?"

தெருவில் நாலு பேர். கடவுளே. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணுக்குள் அந்த நாலு பேரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. சலோமி முன்னால் வழி சொல்லிக்கொண்டு போகிறாள். பல் தட்டத் தொடங்கிவிட்டது, இனி இறுக்கி நிறுத்தமுடியாது. துண்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டாக்டர்ட்ட என்னன்னு சொல்ல?" என்றார் கோயில்பிள்ளை எழுந்து நின்று.

"எடுக்கச் சொல்லுங்க."

"எதைன்னு சொல்லு. நான் பாட்டுக்கு மறுபடி தப்பாச் சொல்லிரக் கூடாது."

கிண்டலா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. "மூட்டை எடுக்கச் சொல்லுங்க. நாளைக்கே. நான் சம்மதிச்சுட்டேன்னு சொல்லுங்க."

"மூட்டு. நாளைக்கு. சம்மதம்," என்று பாடம் ஒப்பிப்பதுபோல ஒரு தடவை சொல்லிப்பார்த்துவிட்டு அவர் கிளம்பினார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு, வேகமாக, நேர் எதிர்த் திசையில், பிரசவ வார்டு இருக்கிற பக்கமாகப் போனார். அவளுக்குள் பழைய வாக்கியம் ஒன்று எழுந்து வாய்வரை வந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் திரும்பும் முனைக்குப் போய்விடுவார். கடிகாரத்தில் மத்தியானத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

"இந்தாங்க!" என்று கூப்பிட்டாள்.

தாழ்வாரத்தில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வீட்டில் அதுதானே பெயர். அவர் ஒருத்தர் மட்டும் திரும்பவில்லை.

"ஏங்க! இந்தாங்க!"

மறுபடி அதே ஆண்கள். முதுகு சிறுத்துக்கொண்டே போனது. எழுந்து ஓட முடியாது. இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி, எழும்ப முடிந்த மட்டும் எழும்பி, பல் தட்டுகிற வாயைத் திறந்து, மணமேடையில் பாதிரியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னபிறகு ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள்.

"கோயில்பிள்ளை!"

சலோமி வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ்வாரத்தின் கடைசியில் அவர் நின்றார். யார் கூப்பிட்டது என்று தெரியாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் ஒரு கையை எடுத்து எதிர்ப்பக்கத்தைச் சுட்டிக்காட்டினாள்.

"டாக்டர் ரூம் அங்க!"